தவறாகப் பொருள்கொள்ளப்படும் விவிலிய வசனங்கள்

தவறாகப் பொருள்கொள்ளப்படும் விவிலிய வசனங்கள் என்பன, கிறித்தவர்களின் திருநூலாகிய விவிலியத்தில் தாம் இடம்பெறும் பகுதி, எழுதப்பட்ட காலம், சூழல் ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, நூலாசிரியர் கருதாத பொருளில் எடுத்தாளப்படும் வசனங்களைக் குறிக்கும். இச்சிக்கல் புதியது அன்று. பவுலின் திருமுகங்களில் விளங்குவதற்கு அரிய சில செய்திகள் உள்ளன என்றும், கல்லாதோர் அவற்றைத் திரித்துக் கூறுகின்றனர் என்றும் புதிய ஏற்பாட்டிலேயே ஒரு குறிப்புக் காணப்படுகிறது (2 பேதுரு 3:16). மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் இயேசுவைச் சோதிக்கும் அலகை, திருப்பாடல் 91-இலிருந்து வரிகளை மேற்கோள் காட்டியே வாதிடுகிறது. வசனத்தைச் சரியாக ஒப்பிப்பது வேறு, சரியாகப் பொருள் கொள்வது வேறு என்பதற்கு இதனினும் பழைய சான்று தேவையில்லை.

இத்தகைய வாசிப்புகளில் சில தீங்கற்றவை. வேறு சில, அடிமை முறைக்கும் இன ஒடுக்குமுறைக்கும் மருத்துவ மறுப்பினால் நேர்ந்த மரணங்களுக்கும் அரண் செய்தவை. இக்கட்டுரை பின்னவற்றை விரிவாகவும் முன்னவற்றைச் சுருக்கமாகவும் எடுத்துக்கொள்கிறது.

காரணங்கள்

விவிலிய நூல்கள் முதலில் எழுதப்பட்டபோது அவற்றில் அதிகார எண்களோ வசன எண்களோ இருக்கவில்லை. இன்று வழக்கிலுள்ள அதிகாரப் பகுப்பு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்னர்க் கேன்டர்பரி பேராயரான ஸ்டீபன் லாங்டனால் செய்யப்பட்டது என்பர். புதிய ஏற்பாட்டின் வசன எண்கள், இராபர்ட் எஸ்தியேன் என்னும் பிரெஞ்சு அச்சகர் 1551-இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் தோன்றியவை. ஒரு பகுதியைத் தேடிக் கண்டடைய இவ்வெண்கள் பெரிதும் உதவுகின்றன. ஆனால், தொடர்ந்து செல்லும் ஒரு கடிதத்தையோ கதையையோ தனித்தனி வாக்கியங்களாக நறுக்கி, ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையானது என்ற எண்ணத்தையும் இவை ஏற்படுத்திவிட்டன. கடவுள் இல்லை என்ற கூற்றுக்கூட விவிலியத்தில் உண்டு. அது அறிவற்றவன் தன் உள்ளத்தில் சொல்லிக்கொள்வது என்பதை அதே வசனத்தின் மற்றப் பகுதியைப் படித்தால்தான் அறிய முடியும் (திருப்பாடல் 14:1).

தமிழ்க் கிறித்தவரிடையே ஆண்டுப் பிறப்பு வழிபாட்டின்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டை வழங்கும் வழக்கம் பல திருச்சபைகளில் உள்ளது. பக்தியின் வெளிப்பாடு என்ற வகையில் இதில் குறை காண இடமில்லை. எனினும் அவ்வசனம் யாருக்கு, எப்பொழுது, எதற்காகக் கூறப்பட்டது என்பதை அட்டையில் அச்சிட இடம் இருப்பதில்லை.

இலக்கிய வகைகளை வேறுபடுத்தாமை மற்றொரு காரணம் ஆகும். சட்டம், கவிதை, பழமொழி, உவமை, கடிதம், காட்சி நூல் எனப் பலவகை எழுத்துகள் விவிலியத்தில் உள்ளன. இவையனைத்தையும் ஒரே வகைக் கட்டளையாகப் படிப்பது பிழைக்கு வழிவகுக்கும்.

நோவாவின் சாபம் (தொடக்கநூல் 9:20-27)

தவறான வாசிப்புகளுள் மிகுந்த கேடு விளைத்தது இதுவே எனலாம். வெள்ளப்பெருக்குக்குப் பின் நோவா திராட்சைத் தோட்டம் அமைத்து, மதுவருந்தி, தன் கூடாரத்தில் ஆடையின்றிக் கிடக்கிறார். அவர் மகன்களுள் ஒருவனான காம் அதைக் கண்டு வெளியே சென்று உடன்பிறந்தாரிடம் கூறுகிறான். சேமும் எப்பேத்தும் பின்னோக்கி நடந்து சென்று தந்தையின் உடலைப் போர்த்துகின்றனர். விழித்தெழுந்த நோவா, காமின் மகனான கானான் தன் உடன்பிறந்தாருக்கு அடிமையாவான் எனச் சபிக்கிறார்.

இப்பகுதி "காமின் சாபம்" என்ற பெயரால் வழங்கப்பட்டது. காமின் வழித்தோன்றல்களே ஆப்பிரிக்கர். அவர்களது கருமை சாபத்தின் அடையாளம். ஆகவே அவர்கள் அடிமைகளாக இருப்பது கடவுளின் திட்டம் என்ற வாதம், அட்லாண்டிக் அடிமை வணிகக் காலத்தில் வலுப்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது பரவலாகப் போதிக்கப்பட்டது.

மூலப் பகுதியைப் படிப்போர் கவனிக்கத்தக்கவை பல. சபிக்கப்பட்டவன் காம் அல்லன், கானான். தொடக்கநூல் 10:6 காமின் மகன்களாகக் கூசு, மிஸ்ராயிம், பூத்து, கானான் என நால்வரைக் கூறுகிறது. எகிப்துக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நிலப்பகுதியோடு இணைக்கப்படுபவன் கூசு. அவன்மீது எந்தச் சாபமும் கூறப்படவில்லை. கானானின் வழிவந்தோராகக் குறிக்கப்படுவோர் இசுரயேலருக்கு முன் பாலத்தீன நிலத்தில் வாழ்ந்தவர்கள். தோலின் நிறம் பற்றி இப்பகுதியில் ஒரு சொல்லும் இல்லை. சாபத்தைக் கூறியவரும் கடவுள் அல்லர், மது மயக்கம் தெளிந்து எழுந்த நோவா.

அடிமை நிலையிலிருந்து தப்பி விடுதலை இயக்கத் தலைவராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ், 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இவ்வாதத்தை அதன் உள்ளிருந்தே தகர்த்தார். வெள்ளை முதலாளிகளுக்கு அடிமைப் பெண்கள் வழியாகப் பிறக்கும் குழந்தைகளும் அடிமைகளாகவே வைக்கப்படும்பொழுது, காமின் நேர் வழித்தோன்றல்கள் மட்டுமே அடிமைகள் என்ற கொள்கை விரைவில் பொருளற்றுப் போகும் என்பது அவர் காட்டிய முரண். அவருடைய தந்தையும் ஒரு வெள்ளையர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவின் தென் பாப்திஸ்து மாநாடு 1845-இல் அடிமை முறை தொடர்பான பிளவின் விளைவாகவே தோன்றிய அமைப்பு. அது 1995-இல் அடிமை முறைக்குத் துணைநின்றமைக்காக மன்னிப்புக் கேட்டது. ஆயினும் காமின் சாபம் என்னும் போதனையைப் பெயர் சுட்டி மறுக்கும் தீர்மானத்தை அது நிறைவேற்றியது 2018-இல்தான். தென்னாப்பிரிக்காவில் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை, பாபேல் கோபுரக் கதையை (தொடக்கநூல் 11) இனங்களைப் பிரித்து வைப்பதற்கு ஆதாரமாகக் காட்டியது. இனவொதுக்கலுக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது தப்பறைக் கொள்கை என உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு 1982-இல் ஒட்டாவாவில் அறிவித்தது.

மக்கள் கூட்டத்தின் கூக்குரல் (மத்தேயு 27:25)

இயேசுவுக்குத் தீர்ப்பிடும்போது பிலாத்து கைகழுவுகிறான். அப்பொழுது கூடியிருந்தோர், அவருடைய இரத்தப்பழி தங்கள்மேலும் தங்கள் பிள்ளைகள்மேலும் இருக்கட்டும் எனக் கத்துவதாக மத்தேயு எழுதுகிறார். இதை யூத இனம் முழுவதன்மீதும் எக்காலத்துக்கும் விழுந்த சாபமாக வாசித்த மரபு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நீடித்தது. யூதர்மீதான வன்முறைகளுக்கும் வெளியேற்றங்களுக்கும் இவ்வாசிப்பு சமய நியாயம் வழங்கியது.

இவ்வாசிப்பின் குறைகள் வெளிப்படையானவை. பிலாத்தின் மாளிகை முன் நின்ற ஒரு கூட்டம், உலகெங்கும் பரவியிருந்த ஓர் இனத்தின் சார்பில் பேச உரிமை பெற்றதன்று. இயேசு, அவருடைய தாய், பன்னிரு திருத்தூதர் ஆகிய அனைவரும் யூதர்கள். பெற்றோரின் பாவத்துக்காகப் பிள்ளைகளைத் தண்டிக்கலாகாது என்பது இணைச்சட்டம் 24:16-இலும் எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்திலும் வலியுறுத்தப்படும் விதி. மேலும், ஓர் அதிகாரம் முன்னதாக, இராவுணவின்போது தம் இரத்தம் பாவமன்னிப்புக்காகச் சிந்தப்படுவது என்று இயேசு கூறுவதாக அதே மத்தேயு எழுதியிருக்கிறார் (26:28). அந்த இரத்தம் ஒருவர்மேல் இருப்பது கிறித்தவ நம்பிக்கையின்படி பழி ஆகாது, மீட்பு ஆகும். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2011-இல் வெளியான தமது நூலில் இவ்வகை விளக்கத்தையே தருகிறார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கை, இயேசுவின் பாடுகளுக்கான பழியை அக்காலத்து யூதர் அனைவர்மீதும் வேறுபாடின்றிச் சுமத்தவோ இக்காலத்து யூதர்மீது சுமத்தவோ முடியாது எனத் தெளிவுபடுத்தியது.

பாம்புகளைக் கையில் எடுத்தல் (மாற்கு 16:17-18)

நம்பிக்கை கொண்டோர் பாம்புகளைப் பிடிப்பார்கள், கொல்லும் நஞ்சைக் குடித்தாலும் தீங்குறமாட்டார்கள் என்று மாற்கு நற்செய்தியின் இறுதிப் பகுதி கூறுகிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பகுதியில் 1910-ஆம் ஆண்டையொட்டி ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி என்னும் போதகர் இதனை நேரடிக் கட்டளையாகக் கொண்டு, வழிபாட்டில் நச்சுப் பாம்புகளைக் கையிலெடுக்கும் வழக்கத்தைப் பரப்பினார். அவர் 1955-இல் வழிபாட்டின்போது பாம்பு கடித்து இறந்தார். டென்னசி மாநிலம் 1947-இல் இவ்வழக்கத்தைத் தடை செய்தது. ஆயினும் சிறு குழுக்களிடையே அது தொடர்ந்தது. தொலைக்காட்சித் தொடரால் அறியப்பட்ட கென்டக்கி போதகர் ஜேமி கூட்ஸ், 2014-இல் பாம்புக்கடிக்கு மருத்துவம் பெற மறுத்து உயிரிழந்தார்.

இங்கு முதலில் கருத வேண்டியது பாடச் சிக்கல். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி ஆகிய இரண்டிலும் மாற்கு நற்செய்தி 16:8-உடன் முடிந்துவிடுகிறது. எனவே 9 முதல் 20 வரையான வசனங்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என அறிஞர் பலர் கருதுகின்றனர்; தற்கால மொழிபெயர்ப்புகள் பல, அவற்றை அடைப்புக்குறிகளுக்குள் தருகின்றன. எனினும் கத்தோலிக்கத் திருச்சபை உள்ளிட்ட பெரும்பான்மைச் சபைகள் இப்பகுதியைத் திருநூலின் பகுதியாகவே ஏற்கின்றன. ஆகவே பாடச் சிக்கலைச் சொல்லி நிறுத்திவிடுவது போதிய விடை ஆகாது.

இப்பகுதி கூறுவது நிகழவிருக்கும் அடையாளங்களையே. செய்ய வேண்டிய சடங்குகளை அன்று. மால்ட்டா தீவில் விறகு பொறுக்கும்பொழுது பவுலின் கையில் விரியன் பாம்பு பற்றிக்கொள்கிறது. அவர் அதை நெருப்பில் உதறிவிடுகிறார் (திருத்தூதர் பணிகள் 28:3-6). அவர் அதைத் தேடிச் செல்லவில்லை. கோயிலின் உச்சியிலிருந்து குதித்துக் கடவுளின் காவலைச் சோதித்துப் பார்க்கச் சொன்னபொழுது, கடவுளைச் சோதிக்கலாகாது என இயேசு மறுத்ததும் இங்குப் பொருந்தும்.

இதே வசனத்தின் இறுதியில் நோயாளிகள்மேல் கைகளை வைத்தால் நலமடைவர் என்பதும் உள்ளது. இதனையும் யாக்கோபு 5:14-ஐயும் காட்டி மருத்துவத்தை விலக்கும் போதனைகள் பல நாடுகளில் உள. இறைவேண்டலுக்கும் மருத்துவத்துக்கும் இடையே இப்பகுதிகள் எவ்விடத்திலும் பகை கற்பிக்கவில்லை. பவுலின் உடன் ஊழியரான லூக்கா மருத்துவர் (கொலோசையர் 4:14). திமொத்தேயுவின் வயிற்று நோய்க்குப் பவுல் சிறிது திராட்சை இரசத்தைப் பரிந்துரைக்கிறார் (1 திமொத்தேயு 5:23). நம்பிக்கை குறைந்ததால் மருந்து தேடினார் என்று திமொத்தேயுவை எவரும் குற்றஞ்சாட்டியதாகத் தெரியவில்லை. நீரிழிவுக்கான மாத்திரையை நிறுத்தச் சொல்லும் போதகரிடம் இவ்விரு வசனங்களையும் எடுத்துக்காட்டலாம்.

கண்ணுக்குக் கண் (விடுதலைப் பயணம் 21:24)

இவ்வசனம் பழிவாங்குவதற்கான அனுமதியாகப் பேச்சுவழக்கில் எடுத்தாளப்படுகிறது. உண்மையில் இது பழிவாங்கலுக்கு எல்லை வகுத்த நீதிமன்ற விதி. தொடக்கநூல் 4:24-இல் இலாமேக்கு, தனக்கு நேர்ந்த ஒரு காயத்துக்கு எழுபத்தேழு மடங்கு பழி தீர்ப்பதாகப் பெருமை பேசுகிறான். ஒரு கண்ணுக்கு ஒரு கண்ணுக்கு மேல் கேட்கலாகாது என்பது அத்தகைய குலப்பகை வளர்வதைத் தடுத்தது. இயேசு, எழுபத்தேழு முறை மன்னிக்குமாறு பேதுருவுக்குக் கூறும்போது (மத்தேயு 18:22) இலாமேக்கின் எண்ணையே தலைகீழாக்குகிறார் எனப் பலர் கருதுகின்றனர்.

கி.மு. 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அம்முராபியின் சட்டத்திலும் இவ்விதி உண்டு. ஆனால் அங்கு உயர்குடியினனின் கண்ணுக்கே கண். தாழ்ந்த நிலையினனின் கண்ணுக்கு வெள்ளி கொடுத்தால் போதும். விடுதலைப் பயண நூலில், அடிமையின் கண்ணையோ பல்லையோ சிதைத்தவன் அவ்வடிமையை விடுதலை செய்ய வேண்டும் என அடுத்த இரு வசனங்களிலேயே கூறப்படுகிறது. யூத சட்ட மரபு, இவ்விதியைப் பண இழப்பீடாகவே விளக்கியது. உடற்சேதம், வலி, மருத்துவச் செலவு, வேலையிழப்பு, அவமானம் என ஐந்து வகையில் இழப்பீட்டைக் கணக்கிட வேண்டும் என்று மிசுனா கூறுகிறது. யூதச் சட்டம் கொடியது, அதற்கு எதிராகக் கிறித்தவம் அன்பைப் போதித்தது என்னும் எளிய எதிர்நிலை இதனால் அடிபட்டுப் போகிறது.

எரேமியாவின் கடிதம் (எரேமியா 29:11)

நன்மையையும் எதிர்காலத்தையும் வாக்களிக்கும் இவ்வசனம், வாக்குத்தத்த அட்டைகளில் மிகுதியாக இடம்பெறுவது. இது கி.மு. 597-இல் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டோருக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தின் ஒரு பகுதி. இரண்டே ஆண்டுகளில் அனைவரும் திரும்பிவிடலாம் என அனனியா என்னும் இறைவாக்கினன் முந்திய அதிகாரத்தில் முழங்கியிருந்தான். அதற்கு மாறாக, மீட்பு வர எழுபது ஆண்டுகள் ஆகும் என்று 10-ஆம் வசனம் கூறுகிறது. அதாவது கடிதத்தைக் கேட்ட பெரியவர்களுள் பெரும்பாலோர் பாபிலோனிலேயே இறக்கப்போகிறவர்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது, வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பதே (29:5-7).

தமிழ் வாசகருக்கு இங்கு ஒரு வசதி உண்டு. தற்கால ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் முன்னிலைச் சொல் ஒன்றே. தமிழ் மொழிபெயர்ப்புகளில் கடவுள் தனியொருவரிடம் பேசும்போது "நீ" என்றும் பலரிடம் பேசும்போது "நீங்கள்" என்றும் வருகிறது. இவ்வசனத்தில் இருப்பது பன்மை. மதிப்புப் பன்மையில் பழகிய நாம் அதனைத் தனிநபருக்குரியதாகக் கொண்டுவிடுகிறோம். வாக்குறுதி ஒரு மக்கள் சமூகத்துக்கு உரியது. தனி மனிதரின் தேர்வு முடிவையோ வேலை வாய்ப்பையோ பற்றியதன்று. துன்பத்தின் நடுவிலும் கடவுள் கைவிடுவதில்லை என்ற நம்பிக்கையை இதிலிருந்து பெறுவதற்கு இவ்விளக்கம் தடையாகாது.

பிலிப்பியர் 4:13-க்கும் இது பொருந்தும். விளையாட்டு வீரர்களும் தேர்வெழுதும் மாணவர்களும் வெற்றிக்கான உறுதிமொழியாகக் கொள்ளும் இவ்வசனத்தைப் பவுல் சிறையிலிருந்து எழுதினார். வயிறார உண்ணவும் பட்டினி கிடக்கவும் தாம் பழகியிருப்பதை முந்திய வசனம் சொல்கிறது. எனவே தோல்வியைத் தாங்கும் வலிமையும் அவர் குறிப்பிடும் வலிமையில் அடங்கும்.

பிள்ளைகளும் பிரம்பும் (நீதிமொழிகள் 13:24)

பிரம்பைக் கையாளாதவர் தம் மகனை வெறுக்கிறார் என்னும் கருத்துடைய இவ்வசனம் பிள்ளைகளை அடிப்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. நீதிமொழிகள் பழமொழித் தொகுப்பு. மூடனுக்கு விடையளிக்காதே என்றும் விடையளி என்றும் அடுத்தடுத்து இரு அறிவுரைகளை அது தருகிறது (26:4-5). சூழலுக்கேற்பத் தெரிவு செய்வது படிப்போர் கடமை. "அடியாத மாடு படியாது" என்ற நம் பழமொழியை எவரும் சட்டப்பிரிவாக வாசிப்பதில்லை. பழங்காலச் சமூகங்களில் வழக்கமாயிருந்த தண்டனை முறையை இவ்வசனம் எடுத்துக்கொண்டு, அக்கறையுடன் கண்டித்து வளர்ப்பதை வலியுறுத்துகிறது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல்சார்ந்த தண்டனையைத் தடை செய்துள்ளது என்பதைக் கிறித்தவப் பள்ளிகளும் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

ஏனைய சில

மத்தேயு 7:1 தீர்ப்பிடுவதை முழுமையாக விலக்குவதாகக் கொள்ளப்படுகிறது. ஐந்தாம் வசனம் முதலில் தன் கண்ணிலுள்ள மரக்கட்டையை எடுத்துவிட்டுப் பின்னர்ப் பிறர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கச் சொல்வதால், விலக்கப்படுவது வெளிவேடம் எனத் தெரிகிறது.

1 திமொத்தேயு 6:10 பணத்தைத் தீமையின் வேர் என்பதாக நினைவில் நிற்கிறது. மூலத்தில் உள்ளது பண ஆசை. தமிழ் மொழிபெயர்ப்புகளும் அவ்வாறே தருகின்றன.

மத்தேயு 19:24-இல் ஒட்டகம் நுழையும் ஊசியின் காது என்பது எருசலேம் மதிலில் இருந்த ஒரு சிறு வாயில் எனவும், ஒட்டகம் மண்டியிட்டால் நுழைந்துவிடும் எனவும் மறையுரைகளில் கூறுவர். இயேசுவின் காலத்தில் அப்படியொரு வாயில் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. நடக்கவியலாத ஒன்றை இயேசு உயர்வு நவிற்சியாகக் கூறினார் என்பதைச் சீடர்களின் திகைப்பே காட்டுகிறது. ஊசியின் காதில் யானை நுழைவது என்னும் இதையொத்த வழக்கு பாபிலோனியத் தல்மூதில் உண்டு. செல்வர்களுக்கு ஆறுதலாக அமைவதாலேயே வாயில் கதை நிலைத்துவிட்டது போலும்.

3 யோவான் 2 வளமை நற்செய்திப் போதகர்கள் விரும்பி எடுத்தாளும் வசனம். அமெரிக்கப் போதகர் ஓரல் ராபர்ட்ஸ் 1947-இல் இதைப் படித்தது தம் ஊழியத்தின் திருப்புமுனை என்றார். அக்காலக் கிரேக்கக் கடிதங்கள், பெறுபவரின் உடல்நலம் விழையும் வாழ்த்துடன் தொடங்குவது மரபு. "நலம், நலமறிய ஆவல்" என்ற நம் கடிதத் தொடக்கத்திலிருந்து ஒரு செல்வக் கோட்பாட்டை உருவாக்குவது எத்தகையதோ, இதுவும் அத்தகையதே.

லூக்கா 14:23-இல் விருந்துக்கு வருமாறு மக்களை வற்புறுத்தச் சொல்லும் உவமையை, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீன், தொனாத்தியரை அரச அதிகாரத்தால் சபைக்குள் கொணர்வதற்கு ஆதரவாக எடுத்தாண்டார். பிற்காலச் சமய வன்முறையாளர்கள் அதனைப் பற்றிக்கொண்டனர். இதற்கு மறுப்பாகப் பியேர் பெயில் 1686-இல் தனியொரு நூலே எழுதினார். விருந்தோம்புபவர் தயங்கும் ஏழையைக் கைப்பிடித்து அழைக்கும் வற்புறுத்தலே உவமையில் உள்ளது.

லூக்கா 17:21 முடிவு காணாத ஒன்று. இறையாட்சி இருக்கும் இடத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல், உள்ளே என்றும் நடுவே என்றும் பொருள்படும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலுள்ள "உங்களுக்குள்" என்ற சொல் தற்செயலாக இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது. 1995-இல் வெளியான திருவிவிலியம் "நடுவே" என்பதைத் தேர்ந்துள்ளது. இயேசு இதைத் தம்மை எதிர்த்த பரிசேயரிடம் கூறியதால் அறிஞர் பலர் பிந்திய பொருளையே ஏற்கின்றனர். முந்திய பொருளைத் தலைப்பாகக் கொண்டு லியோ டால்ஸ்டாய் எழுதி 1894-இல் வெளியான நூலைத் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தி, அது தம்மை ஆட்கொண்டதாகத் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.